படிக்கு அடங்காத மாவு

பாலாற்றை மறித்து நிற்கும் பேத்தமங்களா ஏரியின் தண்ணீருக்கும், அந்த ஏரியின் தண்ணீரைக் குழாய் வழியே பெற்றுவந்த கோலார் தங்கவயலின் சுரங்கங்களிலிருந்து வெளிவந்த தங்கத்துக்கும் அளவையியல் நோக்கில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டிலும் கன அளவு, அதாவது பொருள் அடைத்துக்கொள்ளும் இடம், எவ்வளவு என்று தெரிந்தால் போதும்; ஒரே ஓர் எண்ணால் பெருக்கி அதன் எடையைச் சொல்லிவிடலாம். தண்ணீருக்கு அந்த எண் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம், தங்கத்துக்கு 19.3 கிராம். ஆகவே 240 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு கப்பில் தண்ணீர் 240 கிராமும், இடைவெளியின்றி நிறைந்த தூய தங்கம் ஏறத்தாழ 4.6 கிலோவும் இருக்கும். அளப்பவர் யார், எப்படி ஊற்றினார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதில்லை. அடர்த்தி எனப்படும் இந்த எண், பொருளின் இயல்பிலேயே அடங்கியது.

மாவுக்கு அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. அதே 240 மில்லிலிட்டர் கப்பில் சலித்த மைதாவை மெல்லத் தூவி நிரப்பித் தலைதட்டினால் ஏறக்குறைய 110 கிராம் நிற்கும். கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம் வரை வரும். கப்பையே டப்பாவுக்குள் அழுத்தி முகந்தால் 150 கிராமையும் எட்டிவிடும். ஆளும் கப்பும் மாவும் மாறாதிருக்க, கை போன விதம் மட்டுமே மாறி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு உண்டாகிறது. ‘ஒரு கப் மைதா எத்தனை கிராம்?’ என்ற கேள்விக்குச் சமையல் நூல்கள் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தருவதற்கு நூலாசிரியர்களின் கவனக்குறைவு முதன்மைக் காரணமன்று. கேள்வியிலேயே ஒரு தகவல் குறைகிறது. அந்தக் குறை என்ன, அது தமிழர் சமையலறையில் ஏன் இவ்வளவு தாமதமாக உறைத்தது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எடையையும் கன அளவையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் பழக்கம் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட, நெல்லோ ‘ஆடவல்லான்’ என்றே பெயர் பெற்ற மரக்காலால் அளக்கப்படுகிறது. பொன்னை நிறுப்பதும் நெல்லை முகப்பதும் ஒரே கோயிலின் ஒரே கணக்கில் அருகருகே நிற்கின்றன. கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளை விட்டுச்சென்ற அதே சோழ ஆட்சியின் வழக்கம் இது. முகத்தலளவைக்கு ஓர் ஒழுங்கான ஏணியும் இருந்தது: ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு நாழி அல்லது படி, படி எட்டு ஒரு மரக்கால், மரக்கால் பன்னிரண்டு ஒரு கலம். இன்றைய கணக்கில் ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்றும் படியை 1.344 லிட்டர் என்றும் கொள்வது வழக்கம். ஆனால் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது, சென்னைப் பட்டணத்துப் படி இதைவிடப் பெரியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய மாவட்டங்களிலிருந்தும் தங்கவயலின் சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள் தங்கள் படியோடு கன்னடச் சீமையின் சேரையும், சேரில் கால் பங்கான பாவையும் கற்றுக்கொண்டார்கள். வயதில் மூத்தவர்கள் பேச்சில் ‘ரெண்டு பாவு அரிசி’ இன்னும் கேட்கக் கிடைக்கிறது.

இந்த அளவைகள் பல நூற்றாண்டுகள் பெரிய தகராறு இல்லாமல் ஓடியதற்குக் காரணம், அவற்றால் அளக்கப்பட்டவை தானியங்கள் என்பதே. அரிசியையோ ராகியையோ படியில் கொட்டித் தலைதட்டினாலும், குலுக்கித் தட்டி இறுக்கித் தலைதட்டினாலும் எடையில் வரும் வேறுபாடு பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். கடையில் விற்றது தானியம்; மாவு என்பது வீட்டில் உரலிலோ திரிகையிலோ அன்றாடத் தேவைக்கு ஆக்கிக்கொண்டது. விலைபேசி வாங்காத பொருளுக்குத் துல்லியமான அளவை தேவைப்படவில்லை. படி மாவுக்காகப் பிறந்ததன்று என்ற இந்த எளிய செய்தி, பின்னாளில் கப் கணக்கோடு கேக் செய்ய முற்படுபவர்களுக்கு யாரும் சொல்லாமல் விட்ட செய்தியாகும்.

தானியத்துக்கு இல்லாத இந்த நிலையாமை அதையே அரைத்தவுடன் எங்கிருந்து வருகிறது? மாவுத் துகள் ஒவ்வொன்றும் தன்னளவில் திடப்பொருளே. மைதாத் துகளின் உண்மை அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1.45 கிராம், தண்ணீரில் மூழ்கும் கனம். ஆயினும் தலைதட்டிய கப்பில் அது மில்லிலிட்டருக்கு அரை கிராம் என்ற அளவில்தான் இருக்கிறது. துகள்களும் அவற்றின் இடைவெளிகளும் சேர்ந்த குவியல் முழுவதற்கும் கணக்கிடப்படும் இந்த அடர்த்தியைக் குவியடர்த்தி எனலாம். 0.5ஐ 1.45ஆல் வகுத்தால் 0.34 கிடைக்கிறது: கப்பில் மூன்றில் ஒரு பங்கே மாவு, மீதி இரண்டு பங்கும் காற்று. மாவை அளப்பவர் உண்மையில் பெருமளவு காற்றையே அளக்கிறார்.

ஒரே அளவுள்ள வழவழப்பான குண்டுகளை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால் அவை இடத்தில் சுமார் 64 சதவீதத்தை நிரப்பும் என்பதை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஜே.டி. பெர்னல் உள்ளிட்ட அறிவியலாளர்கள் எஃகுக் குண்டுகளை எண்ணியும் அளந்தும் காட்டினார்கள். அரிசியும் ராகியும் அந்த எல்லைக்கு அருகில் சென்றுவிடுகின்றன. மாவு அதில் பாதியோடு நின்றுவிடுவதற்குக் காரணம் துகளின் சிறுமை. மிக நெருங்கிய பரப்புகளிடையே இயங்கும் வான் டர் வால்ஸ் விசை என்னும் மெல்லிய ஈர்ப்பு, துகளின் விட்டத்துக்கு ஏற்ப நேர்விகிதத்தில் குறைகிறது. எடையோ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ராகி மணியை 0.1 மில்லிமீட்டர் துகள்களாக அரைத்தால் விட்டம் 15 மடங்கு சிறுக்கிறது, ஆகவே ஒட்டும் விசையும் 15 மடங்கு குறைகிறது, எடையோ 3,375 மடங்கு குறைந்துவிடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் ஒட்டும் விசை 225 மடங்கு பலம் பெற்றதாகிறது. மணியாக இருந்தபோது தன் கனத்தால் உருண்டு பள்ளம் தேடி அமர்ந்த பொருள், மாவானபின் விழுந்த இடத்திலேயே பக்கத்துத் துகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இடையில் வளைவுகளும் பொந்துகளும் உண்டாகின்றன. தட்டினால் அந்த வளைவுகள் சரிகின்றன, அழுத்தினால் நொறுங்குகின்றன, சலித்தால் மறுபடியும் எழுகின்றன.

ராகியை மில்லுக்கு எடுத்துச் சென்று அரைக்கும் கோலார் வட்டாரக் குடும்பங்களுக்கு இந்த இயற்பியலின் பலன் பழக்கமானது. தலைதட்டி நிரப்பிச் சென்ற டப்பா, திரும்பி வரும் மாவைக் கொள்ளாது. மூடி உட்காராத டப்பாவை வாசற்படியில் இரண்டு முறை தட்டி, உள்ளங்கையால் அழுத்திய பிறகே மூட முடியும். எடை சிறிதும் கூடவில்லை, எந்திரத்தின் சூட்டில் ஈரம் ஆவியாவதால் சற்றுக் குறைந்தே இருக்கும். கூடியது இடம் மட்டும். மில்லில் கூலியைக் கிலோவுக்குத்தான் வாங்குகிறார்கள் என்பதை இங்கே கவனிக்கலாம். தினமும் தானியத்தையும் மாவையும் அடுத்தடுத்துக் கையாளும் தொழில் எந்த அளவையை நம்புகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துகள்பொருள்களை ஆராய்பவர்கள், தட்டி இறுக்கிய குவியடர்த்தியைத் தட்டாத குவியடர்த்தியால் வகுத்து வரும் எண்ணை ஹவுஸ்னர் விகிதம் என்கிறார்கள். தானியங்களுக்கு அது ஒன்றை ஒட்டியே இருக்கும்; மைதா போன்ற நுண்பொடிகளுக்கு 1.3ஐத் தாண்டும். கப் அளவைக் கிராமாக மாற்றித் தரும் ஒரு பட்டியலை நம்பலாமா என்பதை இந்த ஒரு விகிதத்தைக் கொண்டே முடிவுசெய்யலாம்: சர்க்கரை, அரிசி, ரவை ஆகியவற்றுக்குப் பட்டியல் உதவும், மாவு வகைகளுக்கு உதவாது.

தலைதட்டாமல் குவித்து அளந்தால் சிக்கல் இன்னும் பெருகுகிறது. வாயின் ஆரம் 6 செ.மீ. உள்ள ஒரு படியின் மேல் தானியத்தைச் சரியும் மட்டும் குவித்தால், பக்கங்கள் தரையோடு 30 பாகை அளவில் ஒரு கோணத்தில் நிற்கும். இதுவே குவியல் கோணம். அந்தக் கூம்பின் உயரம் சுமார் 3.5 செ.மீ., கன அளவு சுமார் 130 மில்லிலிட்டர், அதாவது படியில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் மாவு 45 பாகை வரை நிற்குமானால் அதே வாயின் மேல் ஏறக்குறைய 226 மில்லிலிட்டர் ஏறிவிடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. வாய் அகன்று உயரம் குறைந்த பாத்திரத்தில் இந்தக் கொசுறு மேலும் வளரும். குவித்து அளந்து கொடுப்பதும் தலைதட்டி அளந்து வாங்குவதும் குத்தகை, கூலி, கடன் என எல்லாக் கொடுக்கல் வாங்கலிலும் பிணக்குக்கு இடமளித்தவை. அந்தப் பிணக்கின் அளவு இந்தக் கூம்பின் அளவே.

இந்தியாவில் 1956இல் இயற்றப்பட்ட எடை, அளவைத் தரச் சட்டத்தை அடுத்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. படியும் சேரும் கடையிலிருந்து வெளியேறின. அரிசியும் மாவும் கிலோவில் விற்கப்பட்டன. ஆனால் சமையலறைக்குள் சட்டம் நுழையவில்லை. கடையில் கிலோவாக வாங்கி, வீட்டில் ஆழாக்காலும் எவர்சில்வர் டம்ளராலும் அளக்கும் இரட்டை வழக்கு அன்றிலிருந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது. இட்லிக்கும் களிக்கும் அதனால் ஒரு குறையுமில்லை. ராகிக் களி கிண்டும்போது மாவு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு என்று தொடங்கினாலும், துடுப்பு இறுகினால் வெந்நீர் தெளிப்பதும் இளகினால் இன்னும் கொஞ்சம் மாவு தூவுவதும் கிண்டுபவர் கையில் இருக்கிறது. சமைத்து முடியும் வரை திருத்திக்கொண்டே இருக்கக்கூடிய பண்டத்துக்குத் தொடக்க அளவு தோராயமாக இருந்தால் போதும்.

கேக்கும் ரொட்டியும் இந்தச் சலுகையைத் தருவதில்லை. அடுப்புக்குள் சென்றபின் அவற்றைத் திருத்த வழியில்லை. 1880 முதல் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனத்தோடு வந்து சேர்ந்த ஆங்கிலேயர்களும், பின்னர் வேரூன்றிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் கிறிஸ்துமஸ் கேக்கைத் தங்கவயலின் வழக்கமாக்கியபோது, அவர்களுடைய குறிப்புகள் பவுண்டிலும் அவுன்ஸிலும் இருந்தன. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு என்று எளிதாகத் தொடங்கும் பவுண்டு கேக், முழுக்க எடையால் ஆன குறிப்பு. கப் கணக்கு வேறு வழியில் வந்தது. 1896இல் வெளிவந்த பாஸ்டன் சமையல் பள்ளி நூலில் ஃபேனி ஃபார்மர், கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்பதை விதியாக்கினார். தராசு இல்லாத அமெரிக்க வீடுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அவர் விதி கூம்பை நீக்கியதே தவிர, கப்புக்குள் இருக்கும் காற்றை நீக்கவில்லை. இன்று தமிழ்க் குடும்பங்களுக்குக் கைபேசி வழியே வந்து சேரும் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த அமெரிக்கக் கப்பைச் சார்ந்தவை. அது 236.6 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியக் கப் 250, பழைய பிரிட்டிஷ் கப் 284. இந்தியச் சந்தையில் விற்கும் அளவுக் கப்புகளில் 240ம் உண்டு, 250ம் உண்டு. மாவின் நிலையாமையோடு கப்பின் நிலையாமையும் சேர்ந்துகொள்கிறது.

விளைவை ஒரு ரொட்டி மாவில் காணலாம். 2 கப் மைதாவுக்கு 160 மில்லிலிட்டர் தண்ணீர் என்று ஒரு குறிப்பு சொல்வதாகக் கொள்வோம். கப் 120 கிராம் என்றால் மைதா 240 கிராம். தண்ணீர் மாவின் எடையில் 67 சதவீதம். பிசைந்தால் மென்மையாக, கையில் சற்றே ஒட்டும் பதத்தில் இருக்கும். கப்பை அழுத்தி முகந்து 150 கிராம் ஆக்கிவிட்டால் மைதா 300 கிராம். தண்ணீர் 53 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அது பூரிக்கு ஆகும், பன்னுக்கு ஆகாது. ஈஸ்ட் கெட்டுப்போனது, அடுப்பு சரியில்லை என்று வேறு எதையெதையோ குறைசொல்லும் பல தோல்விகள் இந்த 60 கிராமில் முடிந்துபோனவை. தொழில்முறை பேக்கரிகள் மாவின் எடையை 100 எனக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாகச் சொல்வது இதனால்தான். அவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: தலைதட்டி அளந்த 20 கப் மைதாவை ஒரே டின்னில் கொட்டினால், மேல் மாவின் கனத்தில் அடி மாவு இறுகி, 20 கப்புக்கான இடத்தை நிரப்பாமல் தாழ்ந்துவிடும். எடையைக் கூட்டலாம், பெருக்கலாம். மாவின் கன அளவைக் கூட்டக்கூட முடியாது.

தங்கவயலின் அடையாளமாக நிற்கும் சயனைடு மேடுகளும் ஒரு வகையில் மாவே. பாறையை நுண்பொடியாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு அது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபின் அந்த மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு இருப்பதாக அரசுத் தரப்பில் சொல்லப்படுகிறது. ஒரு குன்றை யாரும் தராசில் ஏற்ற முடியாது. அத்தகைய குவியலின் எடையை மதிப்பிட, நில அளவையால் அதன் கன அளவைக் கண்டு, துளையிட்டு எடுத்த மாதிரிகளின் குவியடர்த்தியால் பெருக்குவதே வழி. அடியில் இறுகிக் கிடப்பதும் மேலே காற்றில் பறப்பதும் ஒரே குவியடர்த்தி உடையவை அல்ல என்பதால் மாதிரிகளைப் பல ஆழங்களில் எடுக்க வேண்டும். கப் மைதாவுக்குச் சொன்னது குன்றுக்கும் பொருந்துகிறது.

மாற்றுக் கணக்கே தேவைப்படாதபடி அளவையை அமைத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தையும் தங்கத் தொழிலில்தான் காண முடிகிறது. தாதுவில் உள்ள தங்கத்தைச் சோதிக்கும் பிரிட்டிஷ் முறையில், 32.667 கிராம் எடையுள்ள மாதிரிக்கு ‘அஸே டன்’ என்று பெயர். 2,240 பவுண்டு கொண்ட ஒரு நீள டன்னில் 32,667 டிராய் அவுன்ஸ் இருப்பதால், அந்த மாதிரியிலிருந்து கிடைக்கும் தங்கமணி எத்தனை மில்லிகிராமோ, தாதுவில் டன்னுக்கு அத்தனை அவுன்ஸ் தங்கம் இருப்பதாகப் பொருள். பெருக்கல், வகுத்தல் ஏதும் இல்லை. ஒரு முறை யோசித்து அளவையை வகுத்துவிட்டு, அதன்பின் கணக்கை மறந்துவிடும் இந்த வழி சமையலறைக்கும் ஏற்றது.

அதற்குத் தேவையானவை ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசும் வீட்டில் தினமும் புழங்கும் ஒரு டம்ளரும் மட்டுமே. காலி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் காட்டும் கிராமே டம்ளரின் மில்லிலிட்டர். 30 பாகை செல்சியஸில்கூட இதில் வரும் பிழை அரை சதவீதத்துக்குக் கீழ், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் அதை மாற்றிவிடாது. பிறகு டம்ளரை நன்றாகத் துடைத்து, வழக்கமாக எப்படி மாவை எடுப்பார்களோ அப்படியே, கூடுதல் கவனம் ஏதும் காட்டாமல், நான்கைந்து முறை நிரப்பி நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும். மைதா, கோதுமை மாவு, ராகி மாவு, அரிசி மாவு ஒவ்வொன்றுக்கும் இதைத் தனியே செய்ய வேண்டும்; கடைப் பாக்கெட் மாவுக்கும் மில்லில் அரைத்த மாவுக்கும்கூட எண் வேறுபடும். கிடைக்கும் எண்கள் அந்த வீட்டுக்கும் அந்தக் கைக்கும் மட்டுமே உரியவை. எந்த நூலிலும் அவை இருக்க முடியாது.

தராசையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. மாவு காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடும். கோதுமை மாவில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. 10 சதவீத ஈரமுள்ள 500 கிராம் மாவில் உலர்ந்த பொருள் 450 கிராம், 14 சதவீதமானால் 430 கிராம். சென்னையில் சரியாக வந்த குறிப்பு கோலாரின் உலர்ந்த காற்றில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். அதுபோல ஈஸ்ட், சோடா உப்பு, ஏலப்பொடி போன்று இரண்டு மூன்று கிராம் மட்டுமே தேவைப்படும் பொருள்களுக்கு ஒரு கிராம் தராசைவிடத் தலைதட்டிய தேக்கரண்டியே நம்பகமானது. அங்கே தராசின் பிழை கரண்டியின் பிழையைவிடப் பெரியது.

எனவே மாவைக் கப்பில் மட்டும் சொல்லும் ரொட்டிக் குறிப்பையோ கேக் குறிப்பையோ முதன்முறை செய்யும்போது, அமெரிக்கக் கப் என்றால் 120 கிராம் எனக் கொண்டு நிறுத்துத் தொடங்கி, பதம் சரியாக வந்தபின் அந்த எடையைக் குறிப்பின் ஓரத்தில் கிராமில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முறை அந்தக் குறிப்புக்குக் கப் தேவைப்படாது.